புஷ்ராட்டும் காலில் சக்கரம் வைத்தவனும்

ஒரு பழைய கார் எஞ்சினில் தட்டை அடி கொண்ட டேப்பட்டுகள், தங்களைத் தூக்கி இறக்கும் கேம்ஷாஃப்ட் என்ற சுழல்தண்டோடு உரசி உரசித் தேய்ந்துபோயின. மெக்கானிக் பவுல்ராஜ் இரண்டையுமே கழற்றிப் போட்டுவிட்டு, காலில் சக்கரம் வைத்த ரோலர் டேப்பட்டுகளையும் அதற்கேற்ற கேம்ஷாஃப்ட்டையும் மாட்டினார்.

டேப்பட்டின் தலைமேல் நின்றுகொண்டு வால்வைத் தள்ளித் திறக்கும் கம்பிக்குப் புஷ்ராட் என்று பெயர். அதற்குப் புது டேப்பட்டைக் கண்டதுமே பிடிக்கவில்லை.

“ரொம்ப உசரமா இருக்கியே தம்பி. கொஞ்சம் குனிஞ்சு நில்லு.”

“கீழே சக்கரம் இருக்குண்ணே. எப்படிக் குனியறது?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் எத்தனையோ வருஷமா இதே உசரத்துல நிக்கிறவன்.”

பவுல்ராஜ் வண்டியைக் கிளப்பிப் பார்த்தார். மேலேயிருந்து வால்வு கத்தியது: “யாருப்பா அது முட்டுக் கொடுக்கறது? என்னால மூடவே முடியலையே!”

எஞ்சின் இருமி இருமி நின்றுவிட்டது.

“இதுவும் சரிப்படலேன்னா வண்டியை எடைக்குத்தான் போடணும்” என்றார் பவுல்ராஜ்.

“கேட்டியா? எல்லாம் உன்னாலதான்” என்று டேப்பட்டிடம் சீறியது புஷ்ராட்.

பவுல்ராஜ் குனிந்து அளந்து பார்த்தார். புஷ்ராட்டைக் கழற்றி, கொஞ்சம் வெட்டிக் குறைத்து, முனையைச் சரிசெய்து திரும்ப மாட்டினார்.

இந்தத் தடவை எஞ்சின் சட்டென்று பிடித்துக்கொண்டது. வால்வு திறந்தது, நிம்மதியாக மூடியது. பழைய கறகறப்பு எங்குமே இல்லை. கார் பட்டறையைவிட்டு ரோட்டில் இறங்கியது.

புஷ்ராட்டுக்குப் பெருமை தாங்கவில்லை.

“பாத்தியா தம்பி, நீ குனிஞ்சதும் எல்லாம் சரியாப் போச்சு!”

“ஆமாண்ணே” என்றது டேப்பட், உருண்டுகொண்டே.