பாதி ஃபிளாஸ்க் வெந்நீர்

முங்கும் முன் பெர்பெத்துவா ஃபிளாஸ்க்கிலிருந்த வெந்நீரில் பாதியைத் தன் ரப்பர் உடுப்பின் கழுத்துக்குள் ஊற்றிக்கொண்டாள். படகில் இருந்த ஆண்கள் சிரித்தார்கள்.

"குளிர் தாங்காத பிள்ளைக்கு மலை அணையில என்ன வேலை?" என்றார் மூத்த முக்குளிப்பாளர் கர்டோசா. "கீழ ஒரு தடவை குளிருதுன்னு சைகை காட்டினாலும் அதுதான் உனக்குக் கடைசி முங்கல்."

இருவரும் இறங்கினார்கள். மதகின் இருட்டில் கால் மணி நேரம் போயிருக்கும். போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவளின் தோளைக் கர்டோசா தட்டினார். விளக்கைத் திருப்பினாள். அவர் இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கட்டி, புஜங்களைத் தேய்த்துக் காட்டினார். அவள்தான் அவரைக் கைப்பிடித்து மேலே கூட்டிவந்தாள்.

படகில் ஏறியதும், பற்கள் தந்தியடிக்க, அவர் மற்றவர்களிடம் சொன்னார்: "பிள்ளைக்குக் குளிருதாம். அதான் ஏறிட்டோம்."

பெர்பெத்துவா ஃபிளாஸ்க்கைத் திறந்து, அவருடைய உடுப்பின் கழுத்தை இழுத்துப் பிடித்து, வெந்நீரை உள்ளே விட்டாள். அத்தனை பேர் காதிலும் விழும்படி அவரிடமிருந்து சுகமாக ஒரு முனகல் வந்தது. மிச்சத்தைத் தன் கழுத்துக்குள் ஊற்றிக்கொண்டு, நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கியபடி கேட்டாள்:

"அடுத்து யார் என்கூட வர்றீங்க?"