ஓசையில்லாமல் ஓடிய பேய்ப் படங்கள்

கடல் காற்றில் துருவேறிய குளியலறைத் தாழ்ப்பாள், நான் உள்ளே இருக்கும்போதே சிக்கிக்கொண்டது. கரண்டும் இல்லை. கோவளமே தூங்குகிறது. அத்தாவும் அம்மாவும் சென்னையில் ஒரு நிக்காஹ்வுக்குப் போயிருக்கிறார்கள். கதவுக்கு அடியில் அண்ணனின் செல்போன் வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிகிறது. அந்தக் கோட்டின் மேல் விரல்களை வைத்துக்கொண்டு ஈரத்தரையில் உட்கார்ந்திருக்கிறேன்.

"அத்தா முட்டுக்காடு தாண்டிட்டாராம். வந்து கடப்பாறையால நெம்பிடுவாரு. நான் ஒதச்சா கதவு உன் மேலதான் வுழும்," என்கிறான் உவைஸ் அண்ணன்.

"பேசிகினே இருண்ணா. கண்ணாடிக்குள்ள அந்தப் பொம்பள நிக்கிற மாதிரியே கீது."

"எந்தப் பொம்பள?"

"சின்ன வயசுல பேய்ப் படத்துல வருவாளே, முடிய விரிச்சிகினு."

அத்தா விழித்துவிடுவார் என்று டிவியின் ஓசையை நிறுத்திவிட்டுத்தான் அந்தப் பழைய படங்களைப் பார்ப்போம். நான் போர்வைக்குள் ஒளிந்துகொள்வேன். திரையில் நடப்பதையெல்லாம் அண்ணன் என் காதில் சொல்லிக்கொண்டே இருப்பான்.

வெளியே அவன் இருமுகிறான். "லூசு, அப்படி ஒருத்தி எந்தப் படத்துலயும் இல்ல. நானும் கண்ண இறுக்கி மூடிகினுதான் இருந்தேன். வாய்க்கு வந்தத வுட்டேன்."

இந்தப் பதினாறு வயதிலும் என்னைப் பயமுறுத்துகிறவள் அவன் வாயிலிருந்து வந்தவள். தெரிந்தும் கண்ணாடிப் பக்கம் கழுத்து திரும்பவில்லை.

"இப்ப இன்னாண்ணா பண்ற?"

கதவில் அவன் முதுகு சாய்வது கேட்கிறது. "கண்ண மூடிகினுதான் கீறேன். நீயும் மூடிக்க. சொல்றேன் கேளு. அத்தா வண்டிய வுட்டு எறங்கறாரு. கேட்டத் தொறக்கறாரு..."

தெருவில் வண்டிச் சத்தமே இல்லை. நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.