முடிவைச் சொன்னவர்

“கடைசியில அந்தப் பையன் செத்துப் போயிடறான்! ஏரியில மூழ்கி!”

தியேட்டர் வாசலில் நின்று வெர்ன் இப்படிக் கத்தியதும் டிக்கெட்டோடு நின்ற வரிசை மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்த்தது.

பகல் காட்சி பார்த்துவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தார் மனிதர். சாயங்காலக் காட்சிக்கு நின்றவர்களில் பாதிப்பேர் மின்னியாபொலிஸ் நகரத்திலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள். பிள்ளை குட்டிகளோடு, கை நிறையப் பாப்கார்னோடு.

“யோவ் பெரிசு! அறிவிருக்கா உனக்கு?” என்று ஓர் இளைஞன் எகிறினான்.

“சிரிப்புப் படம்னு கூட்டிட்டு வந்தேன். என் பொண்ணு அழறா பாருய்யா!” என்றாள் ஒரு தாய்.

போஸ்டரில் அப்பா, அம்மா, பையன், ஒரு கூடாரம். பின்னால் ஒரு கரடி அவர்களுடைய சாண்ட்விச்சைத் திருடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

கண்ணாடிக் கூண்டுக்குள் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த மார்லிஸுக்குக் கூச்சல்தான் கேட்டது. தியேட்டர் முதலாளியம்மா அவர்தான். பதறிப்போய் ஓடிவந்தார்.

“என்ன ஆச்சு?”

“இந்த ஆள் படத்தோட முடிவைச் சொல்லிட்டான்!”

மார்லிஸால் நம்பவே முடியவில்லை. வெர்னா? முடிவைச் சொன்னாரா?

எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை புதுப்படம் என்றால் மூன்றாம் வரிசை ஓரத்து இருக்கை வெர்னுடையது. படம் முடிந்ததும் வாசலில் நின்று அபிப்பிராயம் சொல்வார், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும். இந்தக் கோடையில் வந்த ஒரு படத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை.

“ரோபோ படமா? ரெண்டரை மணி நேரம் தகரத்தோட தகரம் மோதுது. போன மாசம் புயல்ல என் வீட்டுக் கூரை பிய்ச்சுக்கிட்டப்ப இதே சத்தம்தான். அதுக்கு யாரும் டிக்கெட் கேக்கல.”

“சுறா படத்துல சுறா நல்லா நடிச்சிருக்கு. மத்தவங்களை இன்னும் கொஞ்சம் சீக்கிரமாத் தின்னிருக்கலாம்.”

“அந்தப் பறக்குற ஆளோட அஞ்சாம் பாகமா? எதுக்குப் பறக்குறோம்னு அவனுக்கே மறந்துபோச்சு.”

ஆனால் முடிவைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார். ஒரு முறை அவருடைய மச்சான், ஒரு படத்தில் கொலைகாரன் யார் என்பதைச் சாப்பாட்டு மேஜையில் உளறிவிட்டார். அதற்கப்புறம் மூன்று வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. “முடிவைச் சொல்றவன், அடுத்தவன் பிறந்தநாள் கேக்குல விரலை விட்டு நக்குறவன்” என்பார். ‘முடிவைச் சொல்பவர்களுக்கு இங்கே இடமில்லை’ என்று வாசலில் ஒரு பலகை தொங்குகிறதே, அதுகூட அவர் மல்லுக்கட்டி மாட்ட வைத்ததுதான்.

அதே பலகைக்குக் கீழே நின்றுகொண்டுதான் இப்போது கத்தியிருக்கிறார்.

“உனக்கென்னய்யா ஆச்சு? குடிச்சிருக்கியா?” என்றார் மார்லிஸ்.

“இல்லையே.”

“அப்புறம்?”

வெர்ன் தலையைத் திருப்பி வரிசையைப் பார்த்தார். ஆளாளுக்கு அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் களேபரத்தில் ஆனிகா மட்டும் சேரவில்லை. உள்ளூர்ப் பெண், நூலகத்தில் வேலை பார்ப்பவள். டிக்கெட்டைக் கையில் கசக்கியபடி, குனிந்த தலை நிமிராமல் தெருவில் இறங்கிப் போய்விட்டாள். மார்லிஸ் மட்டும்தான் கவனித்தார்.

“பாரு! ரொம்ப நாள் கழிச்சு இன்னிக்குத்தான் அந்தப் பொண்ணு சிரிக்கலாம்னு வந்துது. அதையும் விரட்டிட்டியே!”

“போயிட்டாளா?”

“போயிட்டா! இப்பச் சந்தோஷமா உனக்கு?”

“ஆமா” என்றார் வெர்ன்.

மார்லிஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படிக்கூட ஒரு மனிதன் இருப்பானா?

“இந்தக் கோடை முடியற வரைக்கும் நீ இந்தப் படியை மிதிக்கக் கூடாது. அந்தப் பலகை உனக்கும் சேர்த்துத்தான்!”

வெர்னின் முகம் சுருங்கிப் போனது. அடுத்த தியேட்டர் நாற்பது மைல் தள்ளி. இனிமேல் கார் ஓட்டக் கூடாதென்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். இந்த வெள்ளிக்கிழமைப் படத்தை விட்டால் அவருக்கு வேறு போக்கிடம் கிடையாது.

“சரி மார்லிஸ்” என்றார். தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்தார். பின்னாலிருந்து யாரோ கைதட்டினார்கள்.

கோபம் தணியாமலே மார்லிஸ் கூட்டத்தை உள்ளே அனுப்பினார். படம் முடிகிற நேரத்தில், அப்படி என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

திரையில் ஏரி. படகுகளில் ஆட்கள் நீளக் கம்புகளை விட்டுத் துழாவுகிறார்கள். படகுத்துறைப் பலகையில் ஒரு சின்னச் செருப்பு. அம்மாக்காரி முழங்கால் தண்ணீரில் நின்று பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள்.

மார்லிஸ் கதவைப் பிடித்துக்கொண்டார். போன ஆகஸ்டில் இதே மாதிரி ஒரு துறையில், இதே மாதிரி தண்ணீரில் நின்று, “சோரன்! சோரன்!” என்று தன் மகனைக் கூப்பிட்டவள் ஆனிகா. அவளை இழுத்துக் கரையேற்றியவர்களில் மார்லிஸும் ஒருவர்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகப் போய் வெர்ன் வீட்டுக் கதவைத் தட்டினார்.

“அவகிட்ட மட்டும் காதோட காதா சொல்லியிருக்கலாமே வெர்ன். எதுக்கு இத்தனை பேர்கிட்டத் திட்டு வாங்கின?”

“காதுல சொல்லியிருந்தா அவ அங்கேயே உடைஞ்சு போயிருப்பா. அத்தனை பேரும் அவளையே பார்த்திருப்பாங்க” என்றார் வெர்ன். “இப்ப எல்லாரும் என்னைத்தானே பார்த்தாங்க.”