ஊசிமுனை ட்வீசர்

பல் டாக்டர் கிளினிக்கில் வலது கன்னத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து கதவுவரை போவார், திரும்பி வந்து உட்காருவார்.

"எந்தப் பல்லு சார் வலிக்குது?" என்றாள் சீட்டு எழுதும் பெண்.

"இதோ, இதாம்மா" என்று இடது கன்னத்தைக் காட்டினார்.

அவருக்குப் பல்வலியே கிடையாது. வலியெல்லாம் வீட்டு மேஜைமேல், கவிழ்த்து வைத்த டம்ளருக்குள் கிடந்தது. மனைவியின் சாவி கொடுக்கும் கைக்கடிகாரம், பதினேழு துண்டுகளாக.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த வாட்ச். மூன்று வாரமாக வீடியோ பார்த்து வாட்ச் ரிப்பேர் பழகும் மாஸ்டருக்கு, உள்ளே எப்படித்தான் இருக்கிறதென்று பார்க்கக் கை அரித்தது. மனைவி தன் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிய மறுநாளே திறந்துவிட்டார். கழற்றும்போது சமர்த்தாகக் கழன்ற திருகுகள், மாட்டும்போது அடம் பிடித்தன. புருவம் திருத்தும் ட்வீசரில் அந்தக் கடுகளவு திருகு நிற்கவே மாட்டேன் என்றது.

வாட்ச்சுக்கென்றே விற்கும் ஊசிமுனை ட்வீசரை விசாரித்தார். விலையைக் கேட்டதும் தலை சுற்றியது. செல்போன் குழுவில் ஒரு புண்ணியவான்தான் வழி சொன்னான்: 'பல் டாக்டர்கிட்ட கேளுங்க. பழசைத் தூக்கித்தான் போடுவாங்க. நமக்கு அது தாராளம்.'

கிளினிக்குக்குப் போன் போட்டுக் கேட்டால், நோயாளிகளை மட்டும்தான் உள்ளே விடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குத்தான் இந்தக் கன்னம் பொத்தல்.

போன் அடித்தது. மனைவி.

"பஸ் ஏறிட்டேங்க. என் வாட்ச்சை மேஜைமேலயே வெச்சுட்டு வந்துட்டேன், இருக்கா?"

"இருக்கும்மா. பத்திரமா மூடி வெச்சிருக்கேன்."

"அப்பா கடைசியா என் கையில கட்டிவிட்டதுங்க. அது இல்லாம கையே மொட்டையா இருக்கு."

மாஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பஸ் வந்து சேர மூன்று மணி நேரம். மாமனார் உயிரோடு இருந்திருந்தால் காலில் விழுந்தாவது தப்பித்திருக்கலாம்.

ஒருவழியாக உள்ளே கூப்பிட்டார்கள். "டாக்டரம்மா, நான் எதுக்கு வந்தேன்னா..." என்று ஆரம்பிப்பதற்குள் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"வாயைத் திறங்க." தலையைச் சுற்றிய கம்பியில் தொங்கிய ஒற்றைக்கண் லென்ஸை வலது கண்ணுக்கு இறக்கிக்கொண்டு குனிந்தார் டாக்டரம்மா. "நல்ல வேளை வந்தீங்க. சொத்தை இருக்கே!"

இல்லாத வலியைச் சொல்லி வந்தவருக்கு இருக்கிற சொத்தை அகப்பட்டது. அரை மணி நேரம் சுரண்டல். மாஸ்டரின் கவனம் பல்லில் இல்லை, பக்கத்துத் தட்டில் இருந்தது. அடேயப்பா, எத்தனை ட்வீசர்! ஒவ்வொன்றும் ஊசி ஊசியாக. இதில் ஒன்று கிடைத்தால் போதும், பஸ் வருவதற்குள் வாட்ச் ஓடிவிடும்.

வாயைக் கொப்பளித்த கையோடு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வாட்ச், டம்ளர், மாமனார், பஸ், ஒன்றையும் விடவில்லை.

"பழசு ஒண்ணே ஒண்ணு குடுங்க டாக்டரம்மா. கழிச்சுப் போடுறதா இருந்தாலும் சரி. வாட்ச் சாமான் வாங்கி நமக்குக் கட்டுப்படியாகாது. பல்லுக்குச் செய்யறதுதான் மலிவாம்!"

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"மலிவா? யார் சொன்னது? பல்லுக்குன்னு விக்கிறதெல்லாம் யானை விலை" என்றவர், குரலைத் தாழ்த்தினார்.

"வெளிய சொல்லிடாதீங்க... இதெல்லாம் வாட்ச் ரிப்பேர் சாமான் சார்."