புள்ளி போகக் கூடாது

"வெளிச்சத்த மறைக்காதம்மா" என்று மூன்றாவது தடவையாகச் சொன்னேன்.

அவள் ஒரு அடி நகர்ந்தாள். இரண்டு நிமிடத்தில் மறுபடியும் என் தோளுக்கு மேல் வந்து நின்றாள்.

என் மேஜையில் ஒரு மீன்பிடிப் படகின் ஜிபிஎஸ் பெட்டி பிரிந்து கிடந்தது. கடலில் வழி காட்டுகிற பெட்டி. பதினைந்து வருடப் பழசு. காலையில் நான் கடை திறக்கும் முன்பே அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள்.

கூட வந்த ஆள் எதிரே ஐஸ் கம்பெனிச் சுவரோரம் நின்றார். நான் கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. அவளும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுச் சண்டையைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எனக்குப் புதிதில்லை.

பெட்டியை எப்போது போட்டாலும் திரையில் ஒரே ஒரு கேள்விதான் வந்தது. உள் பேட்டரி தீர்ந்துவிட்டது, பதிந்திருப்பதையெல்லாம் அழித்துவிட்டுத் தொடரவா? ஆம் என்றால் மேலே போகும். இல்லை என்றால் அணைந்துவிடும். மூன்றாவது வழி கிடையாது.

"பேட்டரிய மாத்துங்கக்கா. ஆனா உள்ள இருக்கிற புள்ளி ஒண்ணுகூடப் போகக் கூடாது."

புள்ளி என்றால் வலை போட்ட இடம், பாறை இருக்கிற இடம், மீன் அள்ளிய இடம். படகுக்காரர்கள் வருடக்கணக்கில் ஒவ்வொன்றாகக் குறித்துவைத்தவை. போய்விட்டால் போனதுதான்.

இந்தப் பெட்டியைச் செய்த மகராசனை நேரில் பார்த்தால் நான்கு வார்த்தை கேட்க வேண்டும். கைக்கடிகாரத்தில் போடுகிற மாதிரி ஒரு சின்ன பேட்டரி. ஒரு மூடி வைத்து, கழற்றி மாட்டுகிற மாதிரி செய்திருக்கலாம். உள்ளே மின்சுற்றுப் பலகையோடு சேர்த்து ஈயம் வைத்துப் பற்றவைத்துவிட்டான். போதாததற்கு மேலே பசை வேறு.

தீர்ந்துவிட்டது என்று திரை சொன்னாலும் பழைய பேட்டரியில் கொஞ்சம் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை அப்படியே பிடுங்கினால் அந்த நொடியே எல்லாம் அழிந்துவிடும். முதலில் வெளியிலிருந்து வேறொரு பேட்டரியின் இரண்டு ஒயர்களை அதே இடத்தில் ஒட்ட வேண்டும். பிறகுதான் பழசை எடுக்க வேண்டும். கை நடுங்கி ஒரு ஒயர் விலகினாலும் பதினைந்து வருடம் காலி.

காற்றுக்கு ஒயர் ஆடுகிறதென்று மின்விசிறியை நிறுத்தியிருந்தேன். மூக்கு நுனியில் வியர்வை தொங்கியது. உப்புக்காற்றில் பலகை பச்சை பூத்துக் கிடந்ததால் ஈயம் ஒட்டவே மாட்டேன் என்றது. சுரண்டினேன், வைத்தேன். சுரண்டினேன், வைத்தேன்.

"ஆச்சாக்கா?"

"இல்ல."

"போயிடலையே?"

"நீ பேசாம இருந்தா போகாது."

பேசாமல் இருந்தாள். ஆனால் அவள் மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"இவ்வளவு பாடுபடறதுக்கு உன் வீட்டுக்காரர ஒரு புதுப்பெட்டி வாங்கச் சொல்லக் கூடாதா?"

அவள் கையிலிருந்த துண்டை மடித்துப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிய பிறகு புதுப் பேட்டரி உட்கார்ந்தது. ஒயர்களை எடுத்தேன். பெட்டியை மூடி, மின்சாரம் கொடுத்தேன்.

அந்தக் கேள்வி வரவில்லை. கடல் படம் விரிந்தது. முந்நூற்றுச் சொச்சம் புள்ளிகள், வரிசையாக.

"இந்தா, ஒண்ணும் போகல. கண் குளிரப் பாரு" என்று சொல்லிவிட்டு மின்விசிறியைப் போட்டேன்.

அவள் அந்த வரிசையைப் பார்க்கவே இல்லை.

"சிவப்பு பட்டன அமுக்குனா ஒரு புள்ளி விழுமாமே. அது எங்கக்கா?"

அந்தப் பொத்தானுக்கு ஒரே ஒரு வேலைதான். படகிலிருந்து ஆள் கடலில் விழுந்துவிட்டால் உடனே அமுக்க வேண்டும். விழுந்த இடத்தைப் பெட்டி குறித்துக்கொள்ளும். படகைத் திருப்பிக்கொண்டு அங்கே போகலாம்.

தேடி எடுத்தேன். ஒன்று இல்லை, பதினொன்று இருந்தன. எல்லாம் எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரே நாளில் விழுந்தவை. முதல் புள்ளி பிற்பகல் மூன்று ஐம்பத்திரண்டு. கடைசிப் புள்ளி நான்கு ஐம்பது.

காலையிலிருந்து அடக்கிவைத்த எரிச்சல் எல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

"இதென்ன விளையாட்டுச் சாமானா? ஒரு தடவ அமுக்குனா போதாதா? உன் வீட்டுக்காரர் பதினோரு தடவ அமுக்கி வச்சிருக்கார்!"

"விழுந்தவர்தான்க்கா என் வீட்டுக்காரர்" என்றாள். "அமுக்குனது அவரோட அண்ணன்."

கையிலிருந்த திருப்புளியை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

"தம்பி விழுந்ததப் பாத்தும் திரும்பாம வந்துட்டார்னு எட்டு மாசமா ஊர் முழுக்கச் சொல்லிட்டிருக்கேன். பெட்டியப் பாரு, பெட்டியப் பாருன்னார். பெட்டி தெறக்கல."

பதினொன்றையும் படத்தில் கொண்டுவந்து காட்டினேன்.

அவை நேர்கோட்டில் இல்லை. இரண்டாவது புள்ளியிலேயே படகு வளைந்திருந்தது. அங்கிருந்து திரும்பி, முதல் புள்ளியைச் சுற்றி, மறுபடியும் சுற்றி, அதற்கும் வெளியே இன்னொரு சுற்று. எல்லாவற்றையும் அவள் கட்டைவிரலால் மூடிவிடலாம். அவ்வளவு நெருக்கம்.

அவள் மூடவில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

பிறகு முகத்தைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"பெரியத்தான், உள்ள வாங்க."

சுவரோரம் நின்றவர் நிமிர்ந்தார். தன் பக்கத்தில் வேறு யாராவது நிற்கிறார்களா என்று இரண்டு புறமும் பார்த்தார்.