டிரைவருக்கு ஒரு டிரைவர்

"டிரைவரோட காரா? அப்ப நான் யாரு?"

ராஜவேல் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அவருடைய டூரிஸ்ட் வேனைத் தெரியாதவர்கள் குறைவு. வேளாங்கண்ணி, கொடைக்கானல், மூணாறு என்று பாதி ஊரை ஏற்றிக்கொண்டு போய் வந்தவர். அவரிடம் போய் இப்படிச் சொன்னால் சோறு இறங்குமா?

விஷயம் இதுதான். மகள் சிந்துவுக்கு வேலை கிடைத்ததும் அப்பா அம்மாவை இலங்கைக்குக் கூட்டிப்போக ஆசை வந்தது. திருச்சியில் விமானம் ஏறினால் கொழும்பு. அங்கே வாடகைக்குக் கார் எடுத்துக் கண்டி, நுவரெலியா, திருகோணமலை என்று ஒரு சுற்று. அதுவரை சண்டையே இல்லை. வெறும் காரா, டிரைவரோடு காரா என்று சிந்து கேட்டதும்தான் வினை. "டிரைவரோட" என்று சொல்லிவிட்டாள் சாந்தா, கணவரை ஒரு வார்த்தை கேட்காமல்.

"அந்த ஊரு ரோடு உங்களுக்குத் தெரியாதுங்க."

"மூணாறு ரோட்டை மட்டும் எங்க மாமனாரு வந்து காட்டிக் குடுத்தாரா?"

"போலீஸ் நிறுத்துனா சிங்களத்துல கேப்பான்."

"கேக்கட்டும். நம்மூரு போலீஸ் தமிழ்ல கேக்கறப்பவே நான் வாயத் தொறக்கறதில்ல."

"வயசும் ஆவுதுல்லங்க."

இதை மட்டும் சாந்தா சொல்லியிருக்க வேண்டாம். ராஜவேலுக்குச் சுருக்கென்றது.

மறுநாளே ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஓடினார். வெளிநாட்டில் ஓட்டுவதற்கான பர்மிட் கைக்கு வந்ததும், கண்ணில் படட்டும் என்று டி.வி.க்குப் பக்கத்தில் நிற்க வைத்தார். அதோடு விட்டாரா? அரியலூரில் ஒரு வளைகாப்புக்குப் போனபோது, சுண்ணாம்புக்கல் லாரிகள் முட்டிக்கொண்டு போகும் அந்த ரோட்டில் ஒரு தடவைகூட ஹாரன் அடிக்காமல் ஓட்டிக் காட்டினார். வெளிநாட்டில் சும்மா சும்மா ஹாரன் அடித்தால் மரியாதை இல்லையாம்.

"எப்படி?" என்று கேட்டார் இறங்கும்போது.

"நல்லாத்தான் ஓட்டறீங்க. டிரைவர் வச்சுக்கலாம்" என்றாள் சாந்தா.

விஷயம் வேன் ஸ்டாண்டு வரை போய்விட்டது. கூட ஓட்டும் பிரசாத் டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டான்: "என்னண்ணே, சமையக்காரரு வூட்டுக்கு ஹோட்டல் சாப்பாடாமே?"

ராஜவேல் அன்றைக்கு டீ குடிக்காமலே வீட்டுக்கு வந்தார். அங்கே கீழப்பழுவூரிலிருந்து அவருடைய அக்கா கிருஷ்ணம்மாள் வந்திருந்தாள். நியாயம் கேட்கத்தான்.

"கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறாளே உம்பொண்டாட்டி. பொண்ணு சம்பாதிக்குதுல்ல, அந்தப் பவுசு. மகாராணிக்கு வெள்ளச்சட்ட போட்ட டிரைவர் கேக்குது. எந்தம்பி ஓட்டுனா கவுரவம் கொறஞ்சிடுமாம்."

சாந்தா காபியை நீட்டி, சர்க்கரை போதுமா என்று கேட்டாள். அது ராஜவேலுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சிந்து, முடிவா சொல்லிடறேன். வேற ஒருத்தன் ஓட்டற வண்டின்னா நான் வரல. நீயும் உங்கம்மாவும் போயிட்டு வாங்க."

சிந்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. "சரிப்பா, வெறும் காரே போட்டுடறேன்" என்று போனை எடுத்தாள்.

சாந்தா அதைப் பிடுங்கிக்கொண்டாள். "அவருதான் ஓட்டணும்னா டிக்கெட்டையே கேன்சல் பண்ணிடு."

"பாத்தியா திமிர" என்றாள் கிருஷ்ணம்மாள்.

"திமிருதான் அண்ணி." சாந்தா போனைக் கீழே வைத்தாள். "கொடைக்கானலுக்கு எத்தினி தடவ போயிருப்பாருன்னு உங்க தம்பிக்கே தெரியாது. ஏரி எப்படிங்க இருக்கும்னு ஒருநாள் கேட்டேன். பார்க்கிங் விசாலமா இருக்கும்னு சொன்னாரு. வந்தவங்க எல்லாம் எறங்கிப் போயி பாத்துட்டு வருவாங்க. இவரு அவங்க சாமானுக்குக் காவல். நாங்க குடும்பமா போனாலும் அதே கதைதான். கல்யாணம் ஆனதுலேருந்து இவரு முதுகப் பாத்துக்கிட்டேதான் நான் ஊரு சுத்தியிருக்கேன். ஒரே ஒரு தடவ எம்பக்கத்துல உக்காந்து, ஜன்னல் வழியா வேடிக்க பாத்துக்கிட்டு வரட்டுமே. அதுக்குத் திமிருன்னு பேரு வந்தா, வந்துட்டுப் போவுது."

கிருஷ்ணம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அந்த நிமிஷமே கட்சி மாறிவிட்டாள் என்று முகத்திலேயே தெரிந்தது.

ராஜவேல் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். வெகு நேரம் குடித்தார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"டிரைவரே போடு சிந்து" என்றார். "ஆனா அந்த ஆளுகிட்ட நான் ஒரு வார்த்த பேசணும்."

டயர் எப்போ மாத்துனே, பிரேக் எப்போ பாத்தே என்று அந்த மனிதரை ஒரு வழி பண்ணப்போகிறார் என்று சாந்தாவுக்குப் பயம். கார் கம்பெனியில் நம்பர் வாங்கி, ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தாள் சிந்து. கண்டிப் பக்கத்துத் தமிழர். குரலே பணிவாக இருந்தது.

"தம்பி, நானும் டிரைவர்தான்" என்றார் ராஜவேல். "எனக்கு ஒரே ஒரு கண்டிசன். வூட்டு ஆளுங்க எறங்குற எடத்துல எல்லாம் நீங்களும் எறங்கிடணும். நல்லா சுத்திப் பாக்கணும். வண்டியிலயே உக்காந்து கெடக்கக் கூடாது."

"அப்ப சாமானெல்லாம் யாரு ஐயா பாத்துக்கிறது?"

"அதுக்குத்தான் நான் வரேன்ல."