வாடிக் காட்டிய குரோட்டன்ஸ்

அந்தத் தோட்டத்தில் தோட்டக்காரரின் செருப்புச் சத்தம் கேட்டாலே குரோட்டன்ஸ் செடி தலையைத் தொங்கப்போட்டுவிடும். அவரும் மனசு கேட்காமல் அதற்கே ஹோஸைப் பிடிப்பார். மூலையில் இருந்த செம்பருத்திக்கு மிச்சம்மீதிதான்.

ஒருநாள், தோட்டம் முழுவதற்கும் தண்ணீர் திறந்துவிடும் சின்னப் பெட்டி ஒன்றைச் சுவரில் மாட்டி, செடிக்குச் செடி மண்ணில் ஈரம் பார்க்கும் கம்பி ஒன்றைச் செருகினார்கள். அன்று செம்பருத்தி வயிறுமுட்டக் குடித்தது. குரோட்டன்ஸுக்கு ஒரு சொட்டுகூட வரவில்லை.

“நான் வாடிக் கிடக்கிறது உன் கண்ணுக்குத் தெரியலையா?” என்று அது பெட்டியிடம் சண்டைக்குப் போனது.

“எனக்கு ஏது கண்ணு? உன் காலடி மண்ணைத்தான் கேட்டேன். நேத்து ஊத்தினதே இன்னும் காயலையாம்,” என்றது பெட்டி.

குரோட்டன்ஸ் மண்ணிடம் திரும்பியது. “கூடவே இருந்துட்டு இப்படிக் காட்டிக் கொடுத்துட்டியே. இத்தனை நாள் வாயைத் திறக்காமத்தானே இருந்தே?”

“இத்தனை நாள் என்னை யார் கேட்டாங்க?” என்றது மண்.